ஈப்போவில் இரண்டு இலை

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லையே, என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஈப்போ பட்டணத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட!

வேறெதற்குப் போவேன்? என் நாக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா... சாம்பாரில் பெருங்காயம் கூடிப்போனதற்கு அரைப் பக்கம் எழுதியவன் நான். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. தோட்டத்துத் துரை மனசு வைத்து நாலு நாள் லீவு கொடுத்தார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக மனைவி பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு மோட்டார் பஸ் ஏறினேன். பிள்ளை குட்டி இல்லை, நாங்கள் ரெண்டு பேர்தான். நாலு நாளும் அவள் அடுப்பைத் தொடக் கூடாது, வேளைக்கொரு கடை — இதுதான் என் திட்டம்.

முதல் நாள் மத்தியானம் நம்மவர் சாப்பாட்டுக் கடை. பெண்கள் வந்தால் உட்கார, உள்ளே திரை போட்டு ஓர் அறை வைத்திருந்தார்கள்.

"அண்ணே, அக்காவோட நீங்களும் அங்கயே உக்காந்துக்குங்க" என்று பரிமாறுகிறவர் எதிரெதிரே இரண்டு இலை போட்டார்.

பாக்கியம் உட்காரவில்லை. "நீங்க சாப்புடுங்க. நான் அப்புறம் சாப்புடுறேன்."

"ஓட்டல்ல ஏது அப்புறம்? அடுத்த ஆளு வந்துருவான்லா. உக்காரு!"

உட்கார்ந்தாள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். எங்கள் வீட்டில் மட்டுமா, உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? பதினாலு வருஷமாக அவள் கைச் சமையலைத்தான் சாப்பிடுகிறேன். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

சோற்றைக் குழந்தைக்குப் பிசைகிற மாதிரி பிசைந்தாள். ரசத்தைக் குளமாக ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர். வடையைத் தொடவே இல்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவள் வடையையும் நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ரொட்டிக் கடை. ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் தெருமுனைக்கே வந்தது. ரொட்டியை நகத்தளவு பிய்த்து வாயில் போட்டு மென்றாள், மென்றாள்... மென்றுகொண்டே இருந்தாள். கடைசியில் முந்தானையை வாயில் வைத்துத் துப்பிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தா, மூஞ்சிய இப்புடி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கியே! உன்ன வீட்லயே வுட்டுட்டு வந்திருக்கணும்."

"பசிக்கலங்க" என்றாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை சீனர் காப்பிக் கடை. பாக்கியம் சுட்ட ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்து, கூழாக்கி விழுங்கப் பார்த்தாள். அதுவும் இறங்கவில்லை. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அரைவேக்காட்டு முட்டையில் மிளகுத்தூள் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் மனைவி கையிலிருந்த காப்பி மங்குகளைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, மலாய் பாஷையில் கேட்டாள்.

"சாக்கிட்?" வலிக்கிறதா?

பாக்கியம் தலையாட்டினாள். "சுடா லாமா."

ரொம்ப நாளாக! பேர் தெரியாத ஒரு சீனப் பெண்மணி ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று நாளாக எதிரே உட்கார்ந்து தின்றவனுக்குத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எப்பருந்து?" என்றேன்.

"தீவாளிக்கு முன்னாடியே. சோறு எறங்காது. கஞ்சித் தண்ணிதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சாப்புட்டு ஆபீசு போயிருவீங்க. நான் அப்புறம் மெதுவா உக்காந்து குடிச்சிக்குவேன். சொன்னா ஆஸ்பத்திரிம்பீங்க... பயமா இருந்துச்சுங்க."

நாலாம் நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் கேள்விகளை என்னிடம்தான் கேட்டார். கெட்டியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று? தண்ணீராவது ஒழுங்காக இறங்குகிறதா? வலி எந்தப் பக்கம்? உப்பு ஒரு கல் கூடினாலும் சொல்லிவிடுகிற எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அவளே சொன்னாள்.

தொண்டையில் கட்டி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முன்னாலேயே வந்திருக்க வேண்டும்" என்றார். மருந்து கொடுத்திருக்கிறார். வலிக்குத்தான், கட்டிக்கு இல்லை.

இப்போது வீட்டில் நான்தான் சமைக்கிறேன். சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை. அதைப் பற்றி யாருக்கும் எழுதப்போவதில்லை. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிரெதிரே உட்காருகிறோம். ஒரு கிண்ணம் கஞ்சி இறங்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆபீஸ் மணி அடிக்கிறது. துரை முறைக்கிறார், முறைக்கட்டும். கிண்ணத்தில் மிச்சம் வைக்கிற கஞ்சி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று அவள் சொன்னாள்: "இப்புடி வாயையே பாத்துக்கிட்டிருந்தா நான் எப்புடி முழுங்குறது? அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

நான் திரும்பவில்லை. பதினாலு வருஷம் திரும்பித்தானே உட்கார்ந்திருந்தேன்...

இன்றைக்கு உங்கள் வீட்டில் இரண்டு இலையாகப் போடச் சொல்லுங்கள், ஐயா.