மைக்கில் அழுத பசி

எங்கள் பிளாக்கில் மகளோடு இருக்கும் அம்மாள், கோடம்பாக்கத்தில் வருஷக் கணக்காக டப்பிங் கொடுத்தவர். படத்தில் கைக்குழந்தை அழவேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பசி அழுகை, காய்ச்சல் அழுகை, எறும்பு கடித்த அழுகை எல்லாம் தனித்தனி. டைட்டிலில் பெயர் வந்ததில்லை. படத்தின் பெயரைக்கூட அவருக்குச் சொல்லமாட்டார்கள். அந்தக் காட்சியை மட்டும் திரையில் ஓட்டுவார்கள். அழுதுவிட்டு வீட்டுக்குப் போவார்.

பழைய படங்களின் வெளியீட்டுத் தேதிகளைச் சேர்ப்பதுதான், ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கும் எனக்கு வேலை. அதனால் தன் முதல் அழுகை இருக்கும் படத்தைத் தேடித் தரச் சொன்னார்.

"ரயில்வே பெஞ்சு, மழை, துண்டுல சுத்தின குழந்தை. என் மக இவ, கைக்குழந்தையா அழுவுறதை அப்படியே அழுதேன் சார். இவ ஒருவாட்டி கேட்டுட்டாப் போதும்."

மகள் விடமாட்டார். "ஊரான் குழந்தைக்கெல்லாம் அழுதாங்க. நான் அழுதா பக்கத்து வீட்டு அக்காதான் தூக்குவாங்க."

மருமகனுக்கு இந்த மாதத்தோடு நிலக்கரி மைன்ஸில் சர்வீஸ் முடிகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் இவர்கள் சொந்த ஊரான முத்தாண்டிக்குப்பம் போகிறார்கள். அம்மாள் மகனோடு பெங்களூர்.

மகள் கைக்குழந்தையாக இருந்த வருஷத்துப் படங்களையே பார்த்துத் தீர்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம். டப்பிங் முடிந்த படம் சில வருஷம் பெட்டியிலேயே கிடந்திருக்கலாம் என்பது, தேதி தேதி என்று அலைகிற எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. பிந்தைய வருஷங்களில் தேடியபோது அந்த பெஞ்சு கிடைத்தது.

போனை எடுத்துக்கொண்டு போனேன். நைட் ஷிப்ட் முடித்த மருமகன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் இங்கே ஏதாவது ஒரு வீட்டில் யாராவது தூங்குவார்கள். எதையும் சத்தமாக வைக்க முடியாது. குறைத்தே வைத்தேன். மழை கேட்டது, ரயில் கேட்டது. அழுகை கேட்கவில்லை.

"விடுங்க சார். அழுதது எனக்குத் தெரியும், போதும்" என்று அம்மாள் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். போனை வாங்கி, காட்சியைப் பின்னால் தள்ளி, சத்தத்தை முழுதாக வைத்தார். அழுகை வீடெங்கும் வீறிட்டது.

உள்ளேயிருந்து மருமகன் குரல் கொடுத்தார். "யாரு வூட்டுக் கொழந்த அழுதுகினு கெடக்குது? தூக்கேன்டி!"

"நான்தாங்க" என்றார் மகள்.

அம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. "பசி அழுகைம்மா அது. அன்னிக்குக் கால்ஷீட்டு முடிஞ்சு உங்கிட்ட வரவே சாயங்காலம் ஆயிடுச்சு."