அக்காவின் நெஞ்சில் தங்கிய கல்நார்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. "நினைவு மலர்ல சாந்தமா நாலு வார்த்தை எழுதும்மா" என்று பெரியப்பா சொன்னார். அவர் மன்னிக்கட்டும். சாந்தமாக எழுத எனக்கு வரவில்லை.

திருவிடைமருதூருக்கு அருகே, ஓர் அரிசி மில்லை ஒட்டிய குடியிருப்பில் அக்கா பிறந்தார். அப்பா அந்த மில்லில் பாய்லர் ஓட்டினார். நெல் அவிக்க நீராவி போகும் குழாய்களில் சூடு தங்குவதற்காகக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பூசியிருப்பார்கள். வேலை ஓய்ந்த மாதங்களில் பழைய பூச்சைப் பெயர்த்துக் களத்தில் கொட்டுவார்கள். அதைக் கட்டையால் தட்டித் தூளாக்கி, தண்ணீரில் குழைத்து மறுபடியும் பூசுவார்கள். தட்டுகிற வேலை குடியிருப்புப் பிள்ளைகளான எங்களுக்கு. முதலாளி கடலை மிட்டாய் கொடுப்பார். முடியும் புருவமும் வெளுத்து நிற்கும் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒருநாள் அவருடைய மகளும் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள். அவர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது, உள்ள வா" என்றார். எங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

அக்கா படித்து, நாகப்பட்டினத்தில் பள்ளி ஆசிரியரானார். அப்பா இருமி இருமியே போய்ச் சேர்ந்த பிறகு என்னைப் படிக்க வைத்ததும் மணமுடித்து வைத்ததும் அவர்தான். வகுப்பில் குரலை உயர்த்தமாட்டார். பொய் சொன்னால் மட்டும் விடமாட்டார்.

ஓய்வு பெறும் வயதை நெருங்குகையில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தஞ்சாவூரில் மருத்துவர் நெஞ்சில் கோத்திருந்த நீரை எடுத்தார், சதையும் எடுத்துச் சோதித்தார். பிறகு, "சின்ன வயசுல கல்நார் புழங்குற எடத்துல இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார். நுரையீரலைச் சுற்றிய உறையில் புற்றுநோய். சிறுவயதில் சுவாசித்த தூள் இத்தனை காலம் கழித்தும் கிளம்பும் என்றார். அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நானும் தட்டியவள்தானே.

மறுவாரமே கும்பகோணத்தில் முதலாளியின் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார்.

"பாய்லர்காரர் மகதானே? உட்காரும்மா."

"உட்கார வரலீங்க. அன்னைக்கு உங்க பொண்ண மட்டும் ஏன் எழுப்பிக் கூட்டிட்டுப் போனீங்க?"

"எப்பவோ நடந்தது. அதுல என்ன இருக்குன்னு அப்ப யாருக்குத் தெரியும்?"

"நெஞ்சுக்கு ஆகாதுன்னு உங்க வாயாலதான் சொன்னீங்க. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

அவர் வேட்டி நுனியைத் திருகினார். "வைத்தியத்துக்கு ஏதாவது வேணும்னா..." என்று இழுத்தார். அக்கா வெளியே வந்துவிட்டார். கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு திரும்பும்வரை நின்றார். "இவர விட்டுடாதடி" என்றார்.

கடைசி வாரங்களில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, வழக்கறிஞரிடம் வாக்குமூலம் கொடுத்தார். பாதி வாக்கியத்தில் மூச்சு நின்றுவிடும். கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். சொல்லி முடித்த பிறகுதான் தூங்கினார்.

அக்காவைக் கிடத்தியிருந்தபோது முதலாளி மாலையோடு வந்தார். வாசலிலேயே மறித்தேன். "இது எங்க அக்காவுக்கு வேணாம். எடுத்துட்டுப் போங்க." சாவு வீட்டில் இப்படியா என்று உங்களில் சிலர் முகம் சுளித்தீர்கள். இன்று வந்தாலும் அதைத்தான் செய்வேன். சமாதானம் பேச ஆள் அனுப்பினார். காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தேன். வழக்கு நடக்கிறது. ஒவ்வோர் இருமலுக்கும் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. ஸ்கேன் எடுத்து முடிவு வரும்வரை சோறு இறங்குவதில்லை. அந்தப் பயத்துக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அக்காவைத் தாயாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கேட்ட நேரமெல்லாம் தம் காரில் சிலிண்டர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு பாய்க்கும், தோள் கொடுத்துத் தூக்கிய அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்களோடு அந்தக் களத்தில் கட்டை பிடித்தவர்களே, முதலில் நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறகு சாட்சி சொல்ல வாருங்கள்.

தினமும் விளக்கேற்றும்போது முதலாளிக்கு நீண்ட ஆயுளைத்தான் வேண்டிக்கொள்கிறேன். தீர்ப்பு வாசிக்கிற நாளில் அவருக்குக் காது நன்றாகக் கேட்க வேண்டும்.