குழலுக்கு முன்னால்

தொண்ணூறுகளில் ஜேர்மனியில், பழைய போர் வாகனங்களை வைத்திருந்த ஒரு நூதனசாலையில் துப்புரவு வேலை செய்தேன். என்னோடு யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரும் வேலை செய்தார். நெடிய மனிதர். நரைத்த மீசையை அளவாகக் கத்தரித்து, சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருப்பார். அவர் துடைத்த தரையில் ஒரே இடத்தில்தான் தூசு மிஞ்சும். நடு மண்டபத்தில் நின்ற பெரிய டாங்கியின் குழலுக்கு நேர் முன்னால்.

அந்தப் பக்கம் அவர் போகவே மாட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு டாங்கியின் பின்புறமாகச் சுற்றித்தான் மறுபக்கம் போவார். மேற்பார்வை பார்க்கிற ஜேர்மன்காரி இரண்டு தரம் ஏசிவிட்டாள். அவருடைய வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

ஒருநாள் அங்கிருந்த அறிவிப்புப் பலகையை வாசித்துச் சொன்னேன்.

“அண்ணை, இது சும்மா சோதனைக்குச் செய்து பாத்ததாம். நிறையச் செய்யிறதுக்கு முதலே சண்டை முடிஞ்சிட்டுது. இது சண்டைக்கே போகேல்லை. ஒருத்தரையும் சுடேல்லை.”

அவர் துணியைப் பிழிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஓம் தம்பி. என்ர மகனும் சண்டைக்குப் போகேல்லை. வீட்டில இருந்து படிச்சுக்கொண்டிருந்தவன்” என்றார்.

அன்றிலிருந்து அந்த இடத்தை நானே துடைத்தேன்.

பிறகு ஒருமுறை காய்ச்சலில் கிடந்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். நான் இல்லாத நாள்களில் அவர் தனியாகத்தான் வேலை செய்திருந்தார். குழலுக்கு முன்னால் தரை பளபளவென்று இருந்தது. குழலைப் பார்த்தபடி துடைத்தாரா, முதுகைக் காட்டிக்கொண்டு துடைத்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.