வெறும் ஃபிராக்சர்

ஒக்கலிபுரத்து ஜோசஃபினுக்கு டாக்டர்கள் என்றாலே இளக்காரம். மில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் பதினாலு வருஷம். எலும்பைப் பார்த்துப் பார்த்து ஆளை மதிக்க மறந்துவிட்டாள் என்பார் கம்பவுண்டர். கம்பவுண்டரையும் அவள் மதித்ததில்லை.

அதிலும் டாக்டர் தேசிகன் என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயருக்குப் பின்னால் முழ நீளத்துக்குப் பட்டம். செய்வதோ, ஈரம் காயாத ஃபிலிமை ஜன்னலில் தூக்கிப் பிடித்து 'ஃபிராக்சர்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுக் காபிக்குப் போவது. ஒரு கைக்கு ஒரு ஃபிலிம்தான் என்று உத்தரவு வேறு. நேரே எடுத்தால் நல்ல பிள்ளையாகத் தெரியும் எலும்பு, பக்கவாட்டில் எடுத்தால்தான் தன் யோக்கியதையைக் காட்டும் என்று அந்தத் துரைக்கு யார் சொல்வது?

1957-இல், நூல் சுற்றும் பிரிவுச் சின்னத்தாயி மெஷின் பெல்ட்டில் வலது கையைக் கொடுத்துவிட்டு வந்தாள். அறுந்த நூலை முடிச்சுப் போடும் விரல்தான் அவளுக்குச் சோறு. ஜோசஃபின் வேண்டுமென்றே இரண்டு படம் எடுத்தாள். ஆட்காட்டி விரலின் அடி எலும்பு சாய்வாக முறிந்து, ஒரு துண்டு மற்றதன்மேல் சறுக்கியிருந்தது. மூங்கில் தப்பை வைத்துக் கட்டினால் அடங்குகிற முறிவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி செருக வேண்டும். தேசிகன் இரண்டாவது படத்தைத் தொடவே இல்லை. படம் எடுப்பது உன் வேலை, பார்ப்பது என் வேலை என்று சொல்லித் தப்பை கட்ட வைத்தார்.

கட்டோடு வெளியே வந்த சின்னத்தாயி ஜோசஃபினிடம் வந்து நின்றாள்.

"எலும்பு முறியலையாம்மா? வெறும் ஃபிராக்சர்னு சொல்றாரு. ஒண்ணும் ஜாஸ்தி இல்லீங்களே?"

முறிவுக்கு இங்கிலீஷே அதுதான் என்று தெரியாத ஜென்மம். ஜோசஃபின் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த முட்டாளுக்கும் இந்த முட்டாளுக்கும் நடுவில் நமக்கென்ன என்று விட்டுவிட்டு, கம்பவுண்டரிடம் இதைச் சொல்லிச் சிரிக்கப் போய்விட்டாள்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். விரல்களை மடக்கச் சொன்னபோது ஆட்காட்டி விரல் நடுவிரல்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. நூலைக் கொடுத்தாள் ஜோசஃபின், நழுவியது. திரும்பவும் கொடுத்தாள், திரும்பவும் நழுவியது.

ஜோசஃபின் தேசிகனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். படத்தில் அப்பட்டமாகத் தெரிந்ததே, எனக்கு அன்றைக்கே தெரியுமே என்றாள்.

சின்னத்தாயி விரலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னிக்கே பயமாத்தாம்மா இருந்துச்சு. நீங்க சிரிச்சீங்க. அதைப் பார்த்துத்தான் வீட்டுக்குப் போனேன்."