நெட்போனுக்கு வராத வண்டி

மலையாண்டி அத்தான் இறந்த செய்தி பிற்பகல் மூன்றேகாலுக்கு வந்தது. மிஸ்டு காலாக வந்தது. அவர் மனைவி பூமயில் அக்காவின் செல்லில் பேசும் அளவுக்கு என்றைக்கும் காசு இருக்காது. ஒருமுறை ஒலிக்கவிட்டு நிறுத்துவாள், நான் திருப்பி அழைப்பேன். அன்றும் அப்படியே செய்தாள்.

"கமுதியில கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டு, கொஞ்சம் சாயுறேன்னாருடா. பாயாசம் கூட ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனாரு. எந்திரிக்கல."

அத்தான் உத்தரகோசமங்கையில் மிளகாய் போட்டவர். மழை ஏமாற்றியதும் கோயிலுக்குப் போகும் சாலையில், இன்டர்நெட் வழியாகப் பேசும் நெட்போன் கடை வைத்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன், எந்தப் பக்கம் திருப்பினாலும் அத்தானையே பார்க்கும் ஒரு மின்விசிறி. சுற்று வட்டாரத்து ஆண்கள் பலர் வளைகுடாவில் இருந்ததால் கடை ஓடியது. அந்த நெட்போனில் வெளிநாட்டுக்கு மட்டும்தான் பேசலாம், நம் நாட்டு எண்களுக்குப் போகாது. அத்தான் அதைக் குறையாக நினைக்கவில்லை.

"உள்ளூர்க்காரன்ட்டப் பேசத்தான் வாய் இருக்கே" என்பார்.

கடையிலிருந்த பழைய சிவப்பு டெலிபோனை இனி எதற்கு என்று பாம்பனில் இருக்கும் சின்னம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் லைன் கிடையாது. சின்னம்மா அதை டிவிக்கு மேல் வைத்து, லேஸ் துணி போட்டு மூடியிருந்தார்.

2009 மாசியில் ஒரு காலை முருகேஸ்வரி கடைக்கு வந்தாள். அவள் புருஷன் மருதுபாண்டிக்கு மஸ்கட்டில் வேலை. அவளுக்கு நிறைமாதம். முதல் குழந்தை, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வண்டி கிடைக்காமல் இறந்து பிறந்தது. அதனால் மருதுபாண்டி தினமும் பேசச் சொல்லியிருந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வலி கண்டது. தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. அடுத்த பஸ் மதியம்தான். பூமயில் அக்கா அவளைப் பெஞ்சில் சாய்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தான் மஸ்கட்டைத் துண்டித்துவிட்டு நெட்போனில் 108 போட்டார். எண் சரியில்லை என்று ஒரு பெண் இங்கிலீஷில் சொன்னாள். முன்னால் 91 சேர்த்துப் பார்த்தார். அப்போதும் அதையே சொன்னாள். எண் போதவில்லை போலிருக்கிறது என்று, 91ஐ விட்டுவிட்டு, கைக்கு வந்த இலக்கங்களை முன்னும் பின்னும் சேர்த்து அடித்தார். ஏதோ ஒரு தேசத்தில் ஒரு வெள்ளைக்காரர் தூக்கக் கலக்கத்தோடு எடுத்தார்.

"சார், உத்தரகோசமங்கைக்கு ஒரு வண்டி வேணும்" என்றார் அத்தான்.

வெள்ளைக்காரர் வைத்துவிட்டார்.

"அண்ணே, அவரு வந்து சேருறதுக்குள்ள எம்புள்ள பள்ளிக்கூடம் போயிரும்" என்றாள் முருகேஸ்வரி, பல்லைக் கடித்தபடி.

கடை வாசலில் கூத்தையா நின்றிருந்தார். பக்கத்து வயல்காரர். அவரிடம் செல் இருந்தது.

"எங்கிட்ட மிஸ்டு கால் குடுக்குற அளவுக்குத்தான் இருக்கு மலையாண்டி. பேசுனா பாதியில கட்டாயிரும்."

"அப்ப மிஸ்டு கால் குடுங்கண்ணே. அவுக கூப்புடுவாக."

கூத்தையா 108க்கு அடித்தார். மணி ஒலித்தது. மறுமுனையில் எடுப்பதற்குள் பதறிப்போய் நிறுத்தினார்.

"எடுத்துருவாக போலருக்கு. கொஞ்சம் பிந்தியிருந்தா மாட்டியிருப்பேன்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

செல்லைப் பெஞ்சில் வைத்துவிட்டு இருவரும் அதையே பார்த்தார்கள். அது ஒலிக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு நம்பர் விழவில்லையோ என்று அத்தானுக்குச் சந்தேகம். கூத்தையா இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் என்னத்தக் காத்துக்கெடக்கீக? பொண்ணு பாக்க வந்தாப்புல உக்காந்திருக்கீக" என்றாள் அக்கா.

அத்தான் வேறு வழியில்லாமல் மறுபடி மஸ்கட்டைப் பிடித்தார். மருதுபாண்டி முதல் மணியிலேயே எடுத்தான். அத்தான் ஸ்பீக்கரில் போட்டு, மிஸ்டு கால் வரைக்கும் நடந்ததைச் சொன்னார்.

"மச்சான், ஆம்புலன்சுக்கா மிஸ்டு கால் குடுத்தீக?"

"காசில்ல மாப்ள."

"அது இலவசம் மச்சான். டிவியில தெனமும் சொல்றான். செல்லுல ஒத்தக் காசு இல்லாட்டியும் போகும். எடுத்தா பேசுங்க. பேசுங்க மச்சான், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். போன தடவ மாதிரி ஆயிறக் கூடாது."

கூத்தையா மூன்றாம் முறை அடித்தார். எடுத்தார்கள். அவர் பயந்துபோய் செல்லை அத்தானிடம் நீட்டிவிட்டார்.

"சொல்லுங்க சார், எந்த ஊர்? பக்கத்துல அடையாளம் என்ன?" என்றது ஒரு பெண் குரல்.

"உத்தரகோசமங்கைம்மா. கோயில் இருக்கு. மண்ணு முந்தியா மங்கை முந்தியான்னு சொல்லுவாகளே, அந்த..."

"கடைப் பேரச் சொல்லுங்க அண்ணே, தல புராணம் பெறகு சொல்லலாம்" என்று பெஞ்சிலிருந்து கத்தினாள் முருகேஸ்வரி.

வண்டி வந்தது. அக்காவும் ஏறிக்கொண்டாள். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் இறக்கிய சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அதை மஸ்கட்டுக்குச் சொல்ல அக்கா ஒரு நர்ஸிடம் செல் வாங்கிச் செய்ததும் மிஸ்டு கால்தான்.

அதன் பிறகு அத்தான், தான் மஸ்கட் வழியாக ஆம்புலன்ஸ் வரவழைத்த கதையை எல்லோரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல வெள்ளைக்காரருக்குப் பதவி கூடியது. கடைசியில் அவர் கலெக்டராகவே ஆகியிருந்தார். ஆனால் கேட்டவர்களில் பலர், "காசில்லாம போகுமா?" என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். அது அத்தானை உறுத்தியது. கடை முன் ஒரு பலகை வைக்க முடிவு செய்தார். பெயிண்டர் எழுத்துப்பிழை விடுவார் என்று தானே எழுத உட்கார்ந்தார். மஞ்சள் அடித்துக் காயவிட்டு, அது மங்கலகரமாக இருக்கிறது, அவசரம் தெரியவில்லை என்று வெள்ளை அடித்தார். கமுதிக் கல்யாணத்துக்குக் கிளம்பிய காலைதான் சிவப்பில் எழுதத் தொடங்கினார். பஸ் வந்துவிட்டது என்று அக்கா கூப்பிட்டிருக்கிறாள்.

காரியத்துக்குப் போனபோது அந்தப் பலகையைப் பார்த்தேன். "இந்த நெட்போனில் 108 கிடைக்காது. செல்லில் காசு இல்லாவிட்டாலும்" என்பது வரை எழுதியிருக்கிறார்.