உள்ளிருந்து வந்த ‘ம்’

வெயிலில் தலை கிறுகிறுத்து ஏதோ கேட்டிருக்கிறது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். மணியைக்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன்.

இதை அவள் மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். நம்புவதும் நம்பாததும் கேட்பவர் பாடு. நடந்தது நடந்ததுதான். அதுவும் இருட்டில் அல்ல. கொடியில் துணி காய்கிற உச்சிவெயிலில்.

வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற இடத்தை ஒட்டிப் பழைய செப்டிக் டேங்க். இவர்கள் வீட்டை வாங்குவதற்கு முன்பே யாரோ கட்டியது. சுவர் விரிசல் விட்டு, ஈரம் சமையலறைத் தரைவரைக்கும் ஏறிவிட்டது. முதல் நாள் லாரி வந்து எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போனது. மூடியை இரவு முழுக்கத் திறந்து போட்டிருந்தார்கள். மறுநாள் மேஸ்திரியும் அவருடைய மச்சினனும் வந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

மேஸ்திரி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

"முடிச்சு சரியா இருக்கா மாப்ள? எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க அக்காவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

"அக்காவாலேயே உங்களைக் கட்டிப்போட முடியல மாமா. இந்தக் கயிறா கட்டப்போகுது?"

சிரித்துக்கொண்டே இறங்கினார். திறப்பு ஒரு ஓரத்தில் இருந்தது, விரிசல் மறு ஓரத்தில். குனிந்தபடி நகர்ந்து போனதும் ஆள் கண்ணுக்கு மறைந்துவிட்டார். கொத்துக்கரண்டியால் சுரண்டும் சத்தம் மட்டும் வந்தது. சரக்... சரக்...

மச்சினன் நிமிஷத்துக்கு ஒரு தரம் "மாமா!" என்பார். உள்ளிருந்து "ம்" என்று வரும். அதுதான் அவர்கள் ஏற்பாடு.

பன்னிரண்டு மூன்றுக்கு உள்ளிருந்து குரல் வந்தது. "மாப்ள, பைப்பு மூட்டு ஒடஞ்சிருக்கு. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா."

மச்சினன் அவளிடம் வந்தார். "தெருமுனைக் கடைதாம்மா. போனதும் வந்துடுவேன். நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருங்க. ‘ம்’ வரலைன்னா கத்துங்க. நீங்க மட்டும் இறங்கிடாதீங்க."

அவள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு குழியோரம் நின்றாள்.

12.05. "மேஸ்திரி!"

"ம்." சரக்... சரக்...

12.06. "ம்." சரக்...

12.07. "ம்." சுரண்டும் சத்தம் இல்லை. சற்று ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

12.08. "ம்."

‘ம்’ அவளுக்குப் புதிதல்ல. அவள் கணவர் வீட்டில் பேசுவதில் பாதி அதுதான். ஆள் இருக்கிற ‘ம்’ ஒன்று, ஆள் இல்லாத ‘ம்’ ஒன்று என்று பிரித்துப் பார்க்க இந்தப் பதினோரு வருஷத்தில் பழகியிருந்தாள். ஒருநாள் வேண்டுமென்றே, "உங்க சட்டையை அடுப்புல போட்டுட்டேன்" என்றாள். பேப்பரைத் திருப்பிக்கொண்டே "ம்" என்றார். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, தன் அம்மா போய்விட்டாள் என்று போன் வந்ததைச் சொன்ன அன்றும் அதே ‘ம்’ வந்தது. அன்றைக்குத்தான் புரிந்தது. காலி வீட்டில் கதவு ஆடுவதைப் போல, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் யாருமே இல்லை.

12.09. "மேஸ்திரி!"

"ம்."

ஆள் இல்லாத அந்த ‘ம்’தான்.

முதலில் வந்ததெல்லாம் தள்ளியிருந்து, எதிரொலியோடு வந்தது. இது தள்ளி இல்லை. திறப்புக்கு நேர் கீழே... அவள் கால் பக்கத்தில்.

குனிந்து பார்த்தாள். வெறும் ஈரத் தரை.

கயிறு தொய்ந்து கிடந்தது.

12.10. "மேஸ்..."

"ம்."

அவள் இன்னும் கூப்பிட்டு முடிக்கவில்லை.

12.11. வாயைத் திறக்கவே இல்லை.

"ம்."

குரல் நடுங்காமல் கேட்டாள்.

"பதில் சொல்றது... நீங்க இல்லதானே?"

"ம்."

கத்தினாள்.

பக்கத்து வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இருவர் சுவரேறிக் குதித்தார்கள். மச்சினன் கையிலிருந்த பொட்டலத்தை எறிந்துவிட்டு ஓடிவந்தார். யாரும் இறங்கவில்லை. நால்வருமாகக் கயிற்றை இழுத்தார்கள். மேஸ்திரி மேலே வந்தபோது முகம் நீலம் பாரித்திருந்தது.

அடியில் இறுகிக் கிடந்த கசடைக் கிளறியதும் விஷவாயு கிளம்பியிருக்கும் என்றார் டாக்டர். ஓரிரு நிமிஷத்திலேயே நினைவு தப்பியிருக்குமாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிணமாகத்தான் எடுத்திருப்பார்களாம்.

ஓரிரு நிமிஷம். அப்படியானால் 12.07-லிருந்து ஆறு தடவை பதில் வந்ததே?

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். "வெயில்" என்றார்.

மேஸ்திரி நான்காம் நாள்தான் கண் திறந்தார். வலது கை விளங்கவில்லை. அவள் பார்க்கப் போனபோது, மனைவியைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வெளியே அனுப்பினார்.

"நீங்க மூணாவது தடவை கூப்பிட்டப்பவே விழுந்துட்டேம்மா. கை கால் அசையல. ஆனா காது கேட்டுச்சு. நீங்க கூப்பிட்டது அத்தனையும் கேட்டுச்சு."

"அப்ப... பதில் சொன்னது?"

மனைவி திரும்பிவிட்டாளா என்று கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"கத்தத்தான் பார்த்தேன். வாயை ஒரு கை பொத்தியிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும்... என்னைப் பொத்திக்கிட்டுத்தான் அது பதில் சொல்லுச்சு."

அடுத்த வாரம் கணவர் வேறொரு ஆளைப் பிடித்துவிட்டார்.

"நாளைக்குக் காலைல வர்றாங்க. பூச்சு மட்டும்தான் பாக்கி, அரைமணி நேர வேலை. எனக்கு ஆபீஸ் இருக்கு. நீ மேல நின்னு கூப்பிட்டா போதும்."

"வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"என்னது?"

"மண்ணு லாரிக்குச் சொல்லியிருக்கேன். அதைத் தூர்த்துட்டு முன்பக்கம் புதுசா தோண்டலாம்."

"உனக்கென்ன கிறுக்கா? சும்மா நின்னு நாலு தடவை கூப்பிடுறதுல என்ன கொறஞ்சுபோயிடுவ?"

அவள் எழுந்து போய்ப் பின்வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலை இறக்கிக்கொண்டாள்.

"நான் கூப்பிடமாட்டேன்" என்றாள்.