வேலிச் சந்தும் என் வரைபடமும்

வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சரிவில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் பூண்டு மூட்டையும் கேரட் மூட்டையுமாக அதன் பின்வேலிச் சந்தில் நுழைந்து, பேரி மரங்களுக்கு நடுவே ஏறி, பஸ் நிற்கும் ரோட்டுக்குப் போவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். ரோட்டைச் சுற்றிப் போனால் முதல் பஸ் போய்விடும். அதை விட்டால் சந்தையில் நல்ல இடம் கிடைக்காது.

நான் பி.ஏ. முடித்த வருஷம், பங்களாவை வெளியூர்க்காரர்கள் பார்க்கத் திறந்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. புதிதாக வந்த மேனேஜர், உள்ளூரில் படித்தவர் யாராவது வேண்டும் என்று என்னை வரச் சொன்னார். முன்வாசல் வழியாக நான் அதற்குள் போனது அன்றுதான். மரத்தரை பளபளவென்று கிடந்தது. குளிர்காயும் கணப்புக்கு மேலே மான்கொம்பு. ஆளுயர ஜன்னலுக்கு வெளியே கொத்துக் கொத்தாக நீலப் பூக்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“போட்டுக்கிட்டே வாங்க சார்” என்றார்.

எங்கள் வீட்டில் யாரையும் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. தோட்டத்துக்கு ஒரு வரைபடம் வேண்டும், எதையும் விட்டுவிடக் கூடாது என்றார்.

நான் விடவில்லை. கயிறு பிடித்து அளந்தேன். பெயர் தெரியாத செடிகளுக்கு அம்மாவிடம் பெயர் கேட்டேன். பின்வேலிச் சந்து இருக்கும் இடத்தையும், அங்கிருந்து ஏறும் பாதையையும் சிவப்புப் புள்ளிகளாக வைத்தேன். அதில் விரல் வைத்து மேனேஜர் விசாரித்தார். யார் யார் வருவார்கள், எத்தனை மணிக்கு, வேலியில் சரியாக எந்த இடம் என்று எல்லாம் சொன்னேன். செல்போனுக்கு டவர் கிடைக்கும் புல்வெளி மூலையில் நின்று, என் எதிரிலேயே முதலாளியிடம் என்னைப் புகழ்ந்தார்.

அடுத்த வாரம் சந்தில் முள்கம்பி. கட்டிய ஆட்கள் கையில் என் வரைபடத்தின் நகல் இருந்ததாம். பெண்கள் மூட்டையோடு திரும்பி வந்தார்கள். அத்தை முறையில் ஒருத்தி என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

“மருமகனே, படிச்சுப்புட்டு நல்லா வழி காட்டுன போ.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, மூட்டையோடு என்னைத் தாண்டி வீட்டுக்கு நடந்தாள்.

நேரே பங்களாவுக்குப் போனேன். வரவேற்பறையில் என் வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. சிவப்புப் புள்ளிகள் இருந்த இடத்தில் வெறும் பச்சை. மேனேஜர் டீ வரவழைத்தார். விருந்தாளிகள் நடக்கிற இடத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு ஆட்கள் போனால் எப்படியிருக்கும், படித்த உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டார். அதே மரியாதை, அதே சிரிப்பு. டீயைத் தொடாமல் எழுந்தேன்.

“அம்மாவ ஒருநாள் கூட்டிட்டு வாங்க சார். டிக்கெட்டெல்லாம் வேணாம், முன் கேட் வழியாவே வரலாம்.”

வீட்டில் அம்மா மறுநாளைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னலே சொன்னாங்க?”

“முன் கேட் வழியா வரலாமாம்.”

அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“மூட்டையோடயா?”